வாசலோடு நின்றுவிடும் பேச்சு

கொல்கத்தாவின் பெரிய பள்ளிகள் பலவற்றின் எதிரே காலை வேளைகளில் இந்தக் காட்சியைக் காணலாம். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, நடைபாதையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள் அம்மாக்கள். வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பள்ளி விட்டுவிடும். எனவே அங்கேயே காத்திருப்பு. எந்த திதிமணி எரிந்து விழுவார், யாரிடம் டியூஷன் வைத்தால் மதிப்பெண் ஏறும் எல்லாமே அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதே திதிமணியிடம் நேரில் பேசத்தான் தயக்கம். பேசினால் அந்தக் கோபம் பிள்ளையின் மேல் திரும்பிவிடுமோ?

ஏழைப் பெற்றோரின் நிலை இன்னும் மோசம். நோபல் பரிசுப் பணத்தில் அமர்த்தியா சென் தொடங்கிய பிராதீச்சி அறக்கட்டளை, மேற்கு வங்க ஆரம்பப் பள்ளிகள் பற்றி 2002-ல் வெளியிட்ட அறிக்கை, ஆசிரியருக்கும் கூலித் தொழிலாளியான பெற்றோருக்கும் நடுவே உள்ள வர்க்க இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. பெற்றோர்-ஆசிரியர் கூட்டங்கள் முறையாக நடக்க வேண்டும் என்றது. 2009-ல் வந்த இரண்டாவது அறிக்கையில் பல முன்னேற்றங்கள் தென்பட்டன. ஆனால் டியூஷனை நம்பியிருக்கும் ஆரம்பப் பள்ளி மாணவர்கள் 57 சதவீதத்திலிருந்து 64 சதவீதமாகிவிட்டார்கள். வகுப்பில் ஏன் புரியவில்லை என்று கேட்பதைவிட மாலையில் காசு கொடுத்துவிடுவது சுலபம்!

பேசாமல் இருப்பதன் விலை சில சமயம் மிக அதிகம். 2010 பிப்ரவரியில் லா மார்ட்டினியர் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பிரம்படி பட்ட சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டான். அடித்ததைப் பள்ளி முதல்வரே ஒப்புக்கொண்டார். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தது. தண்டனை பற்றி மகனின் நண்பர்கள் சொல்லித்தான், அதுவும் அவன் போன பிறகுதான், தெரிந்தது என்றார் தந்தை. பிரம்படி சட்டவிரோதம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2004-லேயே சொல்லியிருந்தது. ("கண்ணை விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையை ஒப்படைத்த தமிழ்நாட்டு அப்பாக்களும் இதில் குறைந்தவர்களல்ல.)

ஆசிரியரிடம் போய்ப் பேசுவது சலுகை கேட்பதல்ல. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, பெற்றோரை அவ்வப்போது சந்தித்து, குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்வதை ஆசிரியரின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. 17-வது பிரிவு அடியை மட்டுமல்ல, மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

எப்படிப் பேசுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாசலில், மணி அடிக்கும் நேரத்தில், பிள்ளையை வைத்துக்கொண்டே, "என் பையனை ஏன் குறி வைக்கிறீர்கள்?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முந்தின நாளே டைரியில் எழுதி நேரம் கேட்பது நல்லது. "செவ்வாய்க்கிழமையிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்போது அழுகிறான், வகுப்பில் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் குற்றச்சாட்டு இல்லை, பதில் சொல்ல இடம் இருக்கிறது. நாற்பது, ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியர் கவனிக்காமலும் விட்டிருக்கலாம். முதலில் வகுப்பாசிரியர், அப்புறம்தான் முதல்வர். எழுந்து வருமுன் அடுத்து எப்போது சந்திப்பது என்று நாள் குறித்துக்கொள்ள வேண்டும். அடி, அவமானம் என்றால் மட்டும் இந்த நிதானம் வேண்டாம். அன்றே, எழுத்து மூலம், முதல்வரிடம்.

அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அந்த நடைபாதை அம்மாக்களில் பலருக்கு இருப்பது டைரியும், வகுப்பாசிரியர் ஒதுக்கும் பத்து நிமிடமும்தான்.