கழுத்தில் குழாய், வாயில் கஞ்சி

கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்த குழந்தை வீடு திரும்பியதும் பெற்றோர் பயப்படுவதெல்லாம் மூச்சைப் பற்றித்தான். சாப்பாட்டுச் சிக்கல் மெல்லத்தான் தெரியவரும். கம்போங் ராஜா தோட்டங்களிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் ஓடிவிடும். ஆகவே விழுங்கும் பயிற்சியில் பெரும்பகுதி வீட்டு அடுப்படியில்தான் நடந்தாக வேண்டும்.

துளை மூச்சுக்குழலில்தான், உணவுக்குழாய் அதன் பின்னால் அப்படியே இருக்கிறது. பிறகேன் தொல்லை? விழுங்கும்போது குரல்வளை மேலேறும், குரல்நாண்கள் இறுக மூடும், அவற்றுக்குக் கீழே காற்றழுத்தம் நிற்கும். தவறி ஒரு துளி உள்ளே போனாலும் இருமல் வெளியே தள்ளிவிடும். குழாய் போட்டபின் காற்று கழுத்து வழியாகவே வெளியேறுவதால் அழுத்தம் நிற்காது, இருமலும் வலுவிழக்கும். மூக்கில் காற்று ஏறாததால் தாளிக்கும் வாசம்கூடத் தெரியாது. மாதக்கணக்கில் மூக்குக் குழாயில் பால் இறங்கிய பிள்ளை, கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை அடம் என்று திட்டாதீர்கள். வாய்க்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

விழுங்கப் பழக்குபவரும் பேச்சுப் பயிற்சியாளர்தான். உதட்டிலும் கன்னத்திலும் தொட்டுப் பழக்குவதில் தொடங்குவார். பிறகு சொட்டுச் சொட்டாகச் சுவை. சில பிள்ளைகளுக்குக் குழாயின் வாயில் ஒருவழி வால்வு மாட்டுவார்கள். காற்று குழாய் வழியே உள்ளே போய், வாய், மூக்கு வழியே வெளியே வரும். குழாயைச் சுற்றிய காற்றுப்பை ஊதியிருக்கும்போது இந்த வால்வை மாட்டினால் மூச்சை வெளிவிட முடியாது, உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

தண்ணீர்தான் முதலில் புரையேறும், வேகமாக ஓடிவிடுகிறதே. எனவே சிலருக்குக் கெட்டியாக்கித் தரச் சொல்வார்கள். எவ்வளவு கெட்டி? பத்து மில்லி சிரிஞ்சில் கஞ்சித் தண்ணீரை நிரப்பிப் பத்து விநாடி ஒழுகவிட வேண்டும். மிச்சம் 1 முதல் 4 மில்லி என்றால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை. இது பன்னாட்டு அளவுகோல். எல்லாச் சிரிஞ்சும் ஒன்றல்ல. ஆஸ்பத்திரி காட்டிய வகையையே வாங்குங்கள். எந்த நிலை உங்கள் பிள்ளைக்கு என்பதை எக்ஸ்ரே படத்திலோ, மூக்கு வழிக் கேமராவிலோ பார்த்துச் சொல்வார்கள்.

நம் பாட்டிமாருக்கு ஒரு வாயாவது ஊட்டாமல் மனம் ஆறாது. ஆனால் வற்புறுத்தினால் பயம்தான் வளரும். சளியில் உணவு கலந்து வந்தால், ஊட்டியதும் மூச்சு களகளத்தால், அடிக்கடி காய்ச்சல் கண்டால், ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கத் தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.