டர்போ கம்பெனிக்குப் பெண்ணை அனுப்பலாமா?

சென்னையைச் சுற்றியுள்ள கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் டர்போசார்ஜர் பூட்டும் வேலையும் உண்டு. 'அதென்னம்மா டர்போ?' என்கிறீர்களா? எஞ்சின் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேலே!

அதனால் தூசி, தலைமுடி எதுவும் உள்ளே விழக்கூடாது. தலைக்குத் தொப்பி, வளையல், மோதிரம் கூடாது. போல்ட்டைக் குறித்த அளவுக்கே முடுக்கணும். அரிசியில் கல் பொறுக்கும் கண்ணுக்கு இது கஷ்டமில்லை. ஆனால் நெடுநேரம் நின்றால் கால் வீங்கும். இரவில் தலையணை மேல் காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

சேருமுன் விசாரியுங்கள்: வேலையா, பயிற்சியா? 1961-ம் வருஷ அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தால் கிடைப்பது உதவித்தொகைதான். முடிந்ததும் வேலை தரணுமென்ற கட்டாயமில்லை. வேலையென்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? ராத்திரி ஷிப்டுக்கு வண்டி வருமா? எல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, தைரியமாக அனுப்புங்கள்.