வளையும் லேஸ், நொறுங்கும் அச்சு முறுக்கு

வெளிநாட்டவரும் வெளியூர்க்காரர்களும் மாதக்கணக்கில் தங்கும் திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில், இட்லிக்கும் ஆள் உண்டு, கேக்குக்கும் ஆள் உண்டு. அலங்காரக் கேக்கின் இடுப்பில் லேஸ் துணி சுற்றியதுபோல் சில சமயம் ஒரு வெள்ளைப் பின்னல் இருக்கும். பிய்த்து வாயில் போட்டால் கரைந்துவிடும்.

மாவுச்சத்து, சர்க்கரை, செல்லுலோஸ் பசை, கொஞ்சம் கிளிசரின் ஆகியவற்றைத் தண்ணீர் விட்டு அடித்தால் கெட்டியான கூழ் கிடைக்கும். பூவேலை பள்ளமாகப் பதிந்த சிலிக்கோன் விரிப்பில் அதைத் தேய்த்து, மேலே நிற்பதை வழித்தெடுக்கிறார்கள். பள்ளத்தில் தங்கியதை இளஞ்சூட்டில் காயவைத்து உரித்தால் லேஸ் தயார். கைவேலையாகத் தோன்றும் இதில் முக்கால்வாசி அந்த விரிப்பின் வேலைதான்!

நம் ஊர் அச்சு முறுக்கும் லேஸ்தான். ஆனால் கைப்பக்குவம் இல்லாமல் அது வராது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்த மாவில், எண்ணெயில் காய்ந்த அச்சை முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். சுமார் 70 டிகிரியிலேயே அரிசியின் மாவுச்சத்து நீரைக் குடித்து உப்பிப் பசையாகும். அதனால்தான் சூடான இரும்பைத் தொட்ட மாவு அங்கேயே பிடித்துக்கொள்கிறது. அச்சு சூடாகாவிட்டால் மாவு ஒட்டாமல் வழியும். மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டாலோ, வெந்த முறுக்கு கழலாது. எண்ணெய்க்குள் போனதும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ்விடும், மாவு விறைக்கும், லேசாக உதறினால் அச்சிலிருந்து நழுவும். குமிழ் அடங்கினால் ஈரம் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள்.

இரண்டிலும் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. ஒன்று துணிபோல் மடங்குவதும் மற்றொன்று தொட்டால் நொறுங்குவதும் பெரும்பாலும் தண்ணீரால்தான். மாவுச்சத்தின் நீண்ட மூலக்கூறு இழைகளுக்கிடையே நீர் இருக்கும்வரை அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவும். நீர் போனால் இழைகள் அசையாமல் உறைந்துவிடும். உணவியலார் இதைக் கண்ணாடி நிலை என்கிறார்கள். கேக் லேஸில் கிளிசரினும் நீரின் வேலையைச் செய்கிறது; கூடவே ஈரத்தையும் பிடித்துவைக்கிறது. சித்திரை வெயிலில் திறந்து வைத்தால் அந்த ஈரமும் வற்றி விளிம்பு சுருண்டு வெடிக்கும். கார்த்திகை மழையில் மூடாமல் விட்ட அச்சு முறுக்கோ காற்றின் ஈரத்தை இழுத்து நமத்துப்போகும்.

ஆந்திரத்தின் ஆத்ரேயபுரத்தில் பூதரேக்குலு செய்பவர்கள் ஈரத்தின் இந்த விளையாட்டைத் தொழிலாகவே ஆள்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பு அது. அடுப்பில் கவிழ்த்த பானையின்மேல், நீர்க்க அரைத்த அரிசிக் கரைசலில் தோய்த்த துணியை ஒரு இழுப்பு இழுத்தால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஏடு ஒன்று உரிந்து வரும். அதை அப்படியே மடித்தால் தூளாகும். எனவே ஈரத்துணியால் கொஞ்சம் இளக்கி, நெய்யும் சர்க்கரையும் தூவி மடிக்கிறார்கள்.

கேக்கின் மேல் அச்சு முறுக்கைச் செருகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பரிமாறும் நேரத்தில் செருகுவதே நல்லது. முன்கூட்டியே வைத்தால், கேக்கின் ஈரம் முறுக்குக்கு ஏறி, விருந்தினர் வருவதற்குள் இரண்டுமே கெட்டிருக்கும்.