நீரிழிவு உள்ள உழவருக்கு ஏற்ற இரவு உணவு

நீரிழிவு நோய் பட்டணத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கே வரும் என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. ஏர் பிடித்த வேலையை டிராக்டரும், கதிர் அறுத்த வேலையை இயந்திரமும் எடுத்துக்கொண்டன. தட்டில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. அதிலும் பல வீடுகளில் இரவுச் சோறுதான் பெரிது, உண்டவுடன் படுக்கை.

"அரிசியைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொன்னதும், சோற்றுக்குப் பதிலாகக் கேழ்வரகுக் களியையோ சப்பாத்தியையோ வயிறு நிறைய உண்பது வழக்கமாகிவிட்டது. இதனால் பெரிய பயன் இல்லை. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து உள்ளது. கேழ்வரகில் 72 கிராம், கோதுமையில் 71 கிராம். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் இரண்டு பெரிய உருண்டை களி உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். முதலில் குறைக்க வேண்டியது தானியத்தின் அளவு.

குறைத்த இடத்தைக் காயும் கீரையும் பயறும் நிரப்ப வேண்டும். சுரை, புடலை, பீர்க்கு, கத்தரி, வெண்டை ஆகியவற்றில் 100 கிராமுக்கு 7 கிராமுக்கும் குறைவாகவே மாவுச்சத்து உண்டு. மரவள்ளியில் 38 கிராம் இருப்பதால் அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கலாகாது. பச்சைப்பயறிலும் கொள்ளிலும் 57 கிராம் இருந்தாலும், 22 முதல் 24 கிராம் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்திருப்பதால் மெதுவாகச் செரிக்கும்.

ஒருவருக்கு 50 கிராம் அரிசி வடித்த சோறு, அதைப் போல் இரு மடங்கு சுரைக்காய்க் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், மோர் என்று ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் பச்சைப்பயறு அடை. இருவருக்கு 100 கிராம் பயறை ஆறு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சி, மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து, வெங்காயமும் முருங்கைக்கீரையும் கலந்து வார்க்க வேண்டும். அரிசி சேர்க்கக் கூடாது. இதில் ஆளுக்கு 28 கிராம் மாவுச்சத்தே சேரும். 150 கிராம் அரிசிச் சோற்றிலோ 117 கிராம். தொட்டுக்கொள்ளப் பீர்க்கங்காய்த் துவையல் பொருத்தம். முட்டை, மீன் உண்பவர்கள் இரண்டு அவித்த முட்டையோ மீன் குழம்போ சேர்த்துக்கொள்ளலாம்.

கூடுதல் செலவாகுமே என்று தயங்க வேண்டியதில்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன் தெளித்த பயறை மூட்டையோடு விற்றுவிட்டு, பிறகு கடையில் கால் கிலோவாக வாங்குவது நஷ்டக் கணக்கு. நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 200 கிராம் என்றாலும் ஆண்டுக்கு 73 கிலோ போதும். நன்கு காயவைத்து, கிலோவுக்கு 10 மில்லி சமையல் எண்ணெய் பிசறி வைத்தால் பயறு வண்டு தாக்குதல் குறையும். வேலியில் அவரையும் வரப்பில் தட்டைப்பயறும் கொல்லையில் முருங்கையும் இருந்தால் காய்க்கும் கீரைக்கும் சந்தையை நம்ப வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இரவுச் சோற்றைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறு, முட்டையைக் கூட்டும் முன்பும் கேட்டறிய வேண்டும். மருந்து பழைய அளவிலேயே இருந்து உணவு மட்டும் குறைந்தால், நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். மோட்டார் போடத் தனியே கிணற்றுக்குப் போகிறவருக்கு இது உயிராபத்து. அவர் மடியில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் கண்டவுடன் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, வரப்பிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு குடித்து, வீட்டாரை அழைக்க வேண்டும்.