நெட்வொர்க் டிரைவில் உள்ள புரோகிராம் இயங்க மறுக்கிறதா?

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டால், ரௌட்டருடன் ஒரு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியையும் இணைத்துவிடுகிறோம். ‘நாஸ்’ என்று இதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் உள்ள போல்டரை இசட் டிரைவாக மேப் செய்துகொண்டால் போட்டோ, பாட்டு, வேர்டு பைல் எல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கும். ஆனால் அதே டிரைவில் உள்ள புரோகிராமை டபுள் கிளிக் செய்தால், அனுமதி இல்லை என்று பிழைச் செய்தி வரும். சில நேரம் எதுவுமே நடக்காது. டிரைவ் கெட்டுவிட்டதோ, வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பயந்து பார்மட் செய்யக் கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் ஒரு சின்ன சோதனை. அந்தப் புரோகிராம் உள்ள போல்டரை முழுவதுமாக டெஸ்க்டாப்பிற்கு காப்பி செய்து, அங்கிருந்து இயக்கிப் பாருங்கள். இஎக்ஸ்இ பைலை மட்டும் காப்பி செய்தால் போதாது.

டெஸ்க்டாப்பிலும் இயங்கவில்லையா? அப்படியானால் நெட்வொர்க் மீது குற்றமில்லை. சி டிரைவில் இடம் மிச்சப்படுத்த, புரோகிராம் பைல்ஸ் போல்டரில் இருந்ததை அப்படியே நாஸுக்கு மாற்றியிருப்பீர்கள். பல புரோகிராம்கள் இன்ஸ்டால் ஆகும்போது தங்களுக்கு வேண்டிய டிஎல்எல் பைல்களை விண்டோஸ் போல்டரிலும், குறிப்புகளை ரெஜிஸ்ட்ரியிலும் போட்டு வைக்கும். இன்னொரு கம்ப்யூட்டரில் இவை இருக்காது. அங்கே முறைப்படி இன்ஸ்டால் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

டெஸ்க்டாப்பில் நன்றாக இயங்கினால், வழியில் யாரோ தடுக்கிறார்கள் என்று பொருள். யார் என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடும்.

அனுமதி இல்லை என்று வந்தால் நாஸ் பெட்டியைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். விண்டோஸுடன் பேச அது சாம்பா என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறது. 2012-ல் வந்த சாம்பா 4.0 முதல், ஒரு பைலைப் படிக்கும் அனுமதி வேறு, இயக்கும் அனுமதி வேறு என்று கறாராகப் பார்க்கிறார்கள். அதனால்தான் வேர்டு பைல் திறக்கிறது, இஎக்ஸ்இ பைல் மறுக்கிறது. பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் அந்த போல்டருக்கு உங்கள் யூசர் பெயரில் முழு அனுமதி கொடுத்துப் பாருங்கள். சாம்பா செட்டிங்ஸை மாற்ற முடிந்தால் ‘ஏசிஎல் அலௌ எக்ஸிக்யூட் ஆல்வேஸ்’ என்பதை ‘யெஸ்’ ஆக்குவது இன்னொரு வழி.

‘ஓப்பன் பைல் - செக்யூரிட்டி வார்னிங்’ என்று கேள்வி வந்தால் கேட்பது விண்டோஸ். 192.168.1.10 போலப் புள்ளி வைத்த முகவரியில் நாஸை இணைத்திருந்தால், அது வீட்டுக்குள் இருந்தாலும் வெளி இன்டர்நெட் முகவரி என்றே விண்டோஸ் நினைத்துக்கொள்ளும். கண்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் சென்று, செக்யூரிட்டி டேபில் லோக்கல் இன்ட்ராநெட்டைத் தேர்வு செய்யுங்கள். சைட்ஸ், அட்வான்ஸ்டு என்று வரிசையாக கிளிக் செய்து அந்த முகவரியை மட்டும் சேர்த்துவிடுங்கள். இன்டர்நெட் பகுதிக்கான எச்சரிக்கையையே அணைத்துவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். டவுன்லோடு செய்யும் எந்தக் கண்டறியாத பைலும் பிறகு கேள்வியில்லாமல் ஓடும்.

வேடிக்கையான தடை ஒன்று உண்டு. ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்ததும், கண்முன்னே இருக்கும் இசட் டிரைவைக் காணவில்லை என்பார்கள்! செட்டப் புரோகிராம் என்றால் 1327 என்ற எண்ணுடன் பிழைச் செய்தி வரலாம். 2007-ல் கடைக்கு வந்த விஸ்டா முதல், சாதாரண நிலையில் இருக்கும் நீங்களும் அட்மினிஸ்ட்ரேட்டர் நிலையில் இருக்கும் நீங்களும் விண்டோஸுக்கு இரண்டு ஆட்கள். ஒருவர் மேப் செய்த டிரைவ் மற்றவருக்குத் தெரியாது. ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து இதை மாற்றலாம். புதியவர்களுக்கு அந்த வேலை வேண்டாம். செட்டப் பைலை சி டிரைவுக்கு காப்பி செய்து இன்ஸ்டால் செய்யுங்கள், முடிந்தது.

இத்தனையும் தாண்டிப் புரோகிராம் ஓடினாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. விண்டோஸ் ஒரு புரோகிராமை மொத்தமாக மெமரிக்குக் கொண்டுவருவதில்லை. தேவைப்படும்போது துண்டு துண்டாக எடுக்கும். அந்த நேரம் பார்த்து வை-ஃபை ஒரு நொடி விட்டுப்போனால், புரோகிராம் அப்படியே மூடிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த டியூஷன் ஆசிரியர் ஒருவர் மாணவர்களின் கட்டணக் கணக்குப் புரோகிராமை நாஸில் வைத்து, மாடியில் லேப்டாப்பில் இயக்கிவந்தார். சேவ் செய்யுமுன் இப்படி மூடிக்கொண்டதில் ஒரு மாலை முழுக்க டைப் செய்தது போயிற்று. இப்போது புரோகிராம் அவரது சி டிரைவில் இருக்கிறது. கணக்கு பைலையும் அங்கேயே திறந்து வேலை பார்த்து, முடித்ததும் நாஸுக்கு ஒரு காப்பி போடுகிறார்.

பழைய நாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியே விண்டோஸ் 11-ல் தெரியவில்லை என்றால், அது எஸ்எம்பி1 என்ற பழைய முறையில் மட்டும் பேசுவதாக இருக்கலாம். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகெங்கும் பரவியது எஸ்எம்பி1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் அதை மீண்டும் டிக் செய்யாமல், பெட்டியைத் தயாரித்தவர்கள் புதிய ஃபர்ம்வேர் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றால், உள்ளே இருப்பதைப் பழைய கம்ப்யூட்டர் வழியாக ஒரு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்துகொண்டு அதற்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.