கொள்கலனை அழித்தால் தரவு எங்கே போகும்?

பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் மைஎஸ்கியூஎல் வரும்போது, அதை நிறுவுவதிலேயே இரண்டு பாடவேளைகள் போய்விடும். ஒரு கணினியில் ஓடுவது பக்கத்துக் கணினியில் ஓடாது. அதனால் சென்ற ஆண்டு டாக்கரைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

2013இல் வெளிவந்த டாக்கர், ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டித் தருகிறது. அந்தப் பொதி 'இமேஜ்'. அதை ஓடவிட்டால் கிடைப்பது 'கன்டெய்னர்', அதாவது கொள்கலன். கொள்கலன் பழுதானால் அழித்துவிட்டு, அதே இமேஜிலிருந்து ஒரு நிமிடத்தில் புதிதாக உருவாக்கலாம். இதுதான் இதன் வசதி. நான் மாட்டிக்கொண்டதும் இதில்தான்.

கூனிமேட்டிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகள் பலரின் பெற்றோர் மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்கிறார்கள். வாரத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, எத்தனை நாள் மழையால் நின்றது என்று வீட்டில் கேட்டுவந்து அட்டவணையில் பதிவதுதான் அவர்களின் செயல்திட்டம். மூன்று மாதப் பதிவு சேர்ந்திருந்தது. கடவுச்சொல்லை மாற்ற எண்ணி, ஒருநாள் கொள்கலனை அழித்துப் புதிதாக உருவாக்கினேன். திறந்து பார்த்தால் ஓர் அட்டவணைகூட இல்லை.

"டீச்சர், அம்மாகிட்ட மறுபடி கேட்டா ஞாபகம் இருக்காது" என்றாள் ஒரு மாணவி.

விளக்கம் அவர்கள் ஊரிலேயே இருந்தது. பாத்தியில் விளைந்த உப்பை வாரி மேட்டில் குவித்து மூடிவைத்தால்தான் மழைக்குத் தப்பும். பாத்தியிலேயே கிடந்தால் கரைந்துவிடும். கொள்கலன் பாத்தி போன்றது. நிறுத்தி மீண்டும் தொடங்கினால் உள்ளே எழுதியது அப்படியே இருக்கும்; அழித்தால் அதனோடு போய்விடும். தரவைக் கொள்கலனுக்கு வெளியே வைக்கும் மேட்டுக்கு 'வால்யூம்' என்று பெயர்.

நல்லவேளையாக, மைஎஸ்கியூஎல்லின் அதிகாரப்பூர்வ இமேஜ், நாம் சொல்லாவிட்டாலும் பெயரில்லாத வால்யூம் ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. புதிய கொள்கலன் புதிய வால்யூமை எடுத்துக்கொண்டதால் பழையது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். வால்யூம் பட்டியலில் நீளமான எண்ணெழுத்துப் பெயரோடு அது கிடந்தது. பயன்படாதவற்றை நீக்கும் 'ப்ரூன்' கட்டளையை அதற்குள் கொடுத்திருந்தால் பிள்ளைகளின் உழைப்பு நிஜமாகவே போயிருக்கும்.

பழைய வால்யூமை இணைத்ததும் அட்டவணைகள் வந்துவிட்டன. கடவுச்சொல் மட்டும் மாறவில்லை! கொள்கலனை உருவாக்கும்போது நாம் தரும் கடவுச்சொல், தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். பிறகு மாற்ற வேண்டுமானால் உள்ளே நுழைந்து 'ஆல்டர் யூசர்' கட்டளை தர வேண்டும். அதாவது, நான் கொள்கலனை அழித்திருக்கவே வேண்டியதில்லை.

இப்போது வால்யூமுக்கு நாங்களே பெயர் வைக்கிறோம். 'ரன்' கட்டளையில் ஹைஃபன், வி என்று எழுதி, வால்யூமின் பெயர், முக்காற்புள்ளி, மைஎஸ்கியூஎல் தன் தரவை வைக்கும் கோப்புறையின் பாதை என்று வரிசையாகத் தந்தால் போதும். வகுப்பில் இதைச் செய்துகாட்டுவது எளிது: அட்டவணையில் ஒரு வரி சேருங்கள், கொள்கலனை மாணவர்கள் கண்முன்னே அழியுங்கள், அதே வால்யூம் பெயரோடு புதிதாக உருவாக்குங்கள். வரி திரும்ப வரும்போது பின்வரிசைப் பிள்ளைகளும் எழுந்துவந்து பார்ப்பார்கள்.

இமேஜின் பெயரோடு பதிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள். 'லேட்டஸ்ட்' என்று விட்டால் ஒருநாள் புதிய பதிப்பு இறங்கி, தரவையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடும். அதன்பின் பழைய பதிப்பில் அதைத் திறக்க முடியாது. போர்ட்டைத் திறக்கும்போது அந்தக் கணினிக்குள் மட்டும் திறங்கள், இல்லையென்றால் ஆய்வக வலையமைப்பு முழுவதற்கும் கதவு திறந்திருக்கும்.

வால்யூமும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது. வன்தட்டு பழுதானால் இரண்டும் போகும். ஆகவே வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 'மைஎஸ்கியூஎல் டம்ப்' மூலம் ஒரு நகல் எடுத்துப் பென்டிரைவில் வைக்கிறோம். அந்தப் பொறுப்பை, அம்மாவிடம் மறுபடி கேட்க முடியாது என்ற அதே மாணவி வாங்கிக்கொண்டாள்.