அரியணைக்குப் பக்கத்து வாள்

ரோம் நகருக்குள் படையை நிறுத்துவது குடியரசுக் காலத்தில் யாரும் பொறுக்காத செயல். முதல் பேரரசர் அகஸ்டஸ் அந்த வெறுப்பை நன்றாக அறிந்தவர். ஆனால் அவரைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் செனட் கூட்டத்திலேயே குத்திக் கொல்லப்பட்டிருந்தார். மெய்க்காவல் இல்லாமல் ஆள முடியாது. அப்படிப் பிறந்ததுதான் பிரிட்டோரியன் காவற்படை.

எல்லைப்புறப் படைவீரனைவிட இவர்களுக்குச் சம்பளம் அதிகம், பணிக்காலம் குறைவு. இப்படி ஊட்டி வளர்த்த படையைக் கண்டு அகஸ்டசே எச்சரிக்கையாக இருந்தார். மொத்தம் 9 பிரிவுகளில் மூன்றைத்தான் தலைநகரில் வைத்தார். அவற்றுக்கும் நிலையான முகாம் கிடையாது. மற்றவை சுற்றுவட்டார ஊர்களில் சிதறிக் கிடந்தன. கி.மு. 2-இல் தளபதி நியமிக்க வேண்டி வந்தபோது ஒருவரை அல்ல, இருவரை நியமித்தார். இருவரும் செனட் குடும்பத்தினர் அல்லர். அதற்கு அடுத்த படியான ஈக்விட்டஸ் வகுப்பினர். அந்த வகுப்பில் பிறந்தவன் அரியணையைக் கனவிலும் நினைக்க மாட்டான் என்பது அவர் போட்ட கணக்கு.

நுட்பமான ஏற்பாடுதான். அதைக் குலைத்தவர் அடுத்த பேரரசர் திபேரியசின் தளபதி செஜானஸ். தந்தையோடு பகிர்ந்திருந்த பதவி அவர் ஒருவர் கைக்கே வந்து சேர்ந்தது. கி.பி. 23 வாக்கில் சிதறிக் கிடந்த பிரிவுகளையெல்லாம் நகரின் வடகிழக்கு விளிம்பில், சுமார் 40 ஏக்கர் பரப்பில், மதில் சூழ்ந்த ஒரே முகாமுக்குள் கொண்டுவந்தார். திபேரியஸ் காப்ரித் தீவில் ஒதுங்கிவிட, பேரரசரை யார் சந்திக்கலாம், எந்தச் செய்தி அவரை எட்டலாம் என்பதெல்லாம் தளபதியின் விருப்பமாயிற்று.

இப்படிப்பட்டவரை எப்படி நீக்குவது? உலகையே ஆண்ட திபேரியஸ் சூழ்ச்சியைத்தான் நாட வேண்டியிருந்தது. கி.பி. 31 அக்டோபர் 18 அன்று மாக்ரோ என்பவர் ஒரு கடிதத்தோடு ரோம் வந்தார். புதிய தளபதியாக அவரை நியமித்திருந்தது செஜானசுக்குத் தெரியாது. உங்களுக்குப் பெரிய அதிகாரம் வரப்போகிறது என்று அவரை நம்ப வைத்துச் செனட்டுக்குள் அனுப்பினார் மாக்ரோ. வாசலில் நின்ற காவற்படையினரைத் திருப்பி அனுப்பி, அவர்கள் இடத்தில் நகர இரவுக் காவலரை நிறுத்தினார். நீண்ட கடிதம் உள்ளே வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்க, முகாமுக்கு விரைந்து படையைத் தன் வசமாக்கினார். கடிதத்தின் முடிவில் இருந்தது கைதுக்கான கட்டளை. அன்றைக்கே செஜானஸ் கொல்லப்பட்டார்.

ஆள் போனாலும் முகாம் நின்றது. கி.பி. 41-இல் பேரரசர் கலிகுலாவைக் கொன்ற சதியில் முன்னின்ற கேரியா இதே படையின் அதிகாரி. அரண்மனைத் திரைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த கிளாடியசைத் தூக்கிச் சென்று பேரரசராக்கியவர்களும் இதே படையினர். கிளாடியஸ் தலைக்கு 15,000 செஸ்டெர்ஸ் நாணயம் தருவதாக வாக்களித்தார். அரியணைக்கு ஒரு விலை உண்டு என்பதை வீரர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். கி.பி. 193-இல் பேரரசர் பெர்டினாக்சைக் கொன்றபின் முகாம் மதிலருகே ஏலமே நடந்தது. 25,000 வரை ஏற்றிக் கேட்ட திதியஸ் ஜூலியானஸ் வென்றார். 66 நாள்தான் ஆண்டார்.

சில ஆயிரம் பேருக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? தூரத்திலிருந்துதான் வந்தது. ரைன், தன்யூப் கரைகளில் இருந்த பெரும்படைகள் தலைநகரை எட்டப் பல வாரங்கள் ஆகும்; அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்தப் படைகளே கிளம்பி வந்துவிட்டால்? அதே ஆண்டு தன்யூப் படையோடு வந்த செப்டிமியஸ் செவேரஸ், காவற்படையினரை ஆயுதமின்றி வரச்சொல்லிச் சுற்றி வளைத்துக் கலைத்தார். தன் வீரர்களைக் கொண்டு புதுப் படை அமைத்தார்.

புதிய படையும் பழைய வழியிலேயே போனது. ரோமானியச் சட்டத்தின் ஒப்பற்ற அறிஞர்களில் ஒருவரான உல்பியான் தளபதியாக இருந்தபோது, தன் கீழிருந்த வீரர்களாலேயே கொல்லப்பட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 217-இல், தளபதி மாக்ரினஸ் பேரரசராகவே ஆகியிருந்தார். செனட்டர் அல்லாத ஒருவர் அரியணை ஏறியது அதுவே முதல் முறை. அகஸ்டஸ் போட்ட கணக்கின் கடைசி வரியும் பொய்த்தது.

312-இல் மில்வியன் பாலப் போரில் எதிரணியில் நின்ற இப்படையைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தோற்கடித்து அடியோடு கலைத்தார். தளபதிப் பதவியை மட்டும் விட்டுவைத்தார். ஆனால் அவர் ஆட்சியில் அதிலிருந்து படைத்தலைமை பிரிக்கப்பட்டது. அப்பெயர் தாங்கியவர்கள் அதன்பின் வரியும் வழக்கும் பார்த்தார்கள்.